கணவர் எல்லை தாண்டினால் ஜீவனாம்சத்தை எங்கே வசூலிப்பது?

முன்னாள் கணவர் ஜொகூருக்குக் குடிபோய்விட்டார் என்றதும் மலேசிய வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டாம். ஆள் எங்கே தூங்குகிறார் என்பது இரண்டாவது கேள்வி. சம்பளம் எங்கே விழுகிறது? தினமும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர் என்றால், இங்குள்ள நம் குடும்ப நீதிமன்றத்திலேயே சம்பளத்தில் பிடித்துக் கட்டச் சொல்லும் உத்தரவு கேட்கலாம். கடைப் பலகையில் உள்ள பெயரை மனுவில் எழுதாதீர்கள். பிஸ்ஃபைல் என்ற அரசு நிறுவனப் பதிவுத் தளத்தில் உள்ள நிறுவனப் பெயரையும் பதிவெண்ணையும் எழுதுங்கள். அவர் வேலை மாறினால் உத்தரவு பழைய முதலாளியோடு நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சம்பளமும் அக்கரைக்குப் போய்விட்டதா? அப்போதுதான் 1921, 1975 ஆண்டுகளின் சிங்கப்பூர்ப் பராமரிப்பு (ஜீவனாம்ச) உத்தரவுச் சட்டங்கள் கைகொடுக்கும். அரசிதழில் அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே இவை செல்லும். உத்தரவின் சான்றிட்ட நகல் அரசு மூலமாக அங்கே போய்ப் பதிவாகி, உள்ளூர் உத்தரவைப் போலவே அமலாகும். 1921 சட்டம் தவணைத் தொகைக்கு மட்டும். வீட்டுப் பங்கை அதில் கேட்க முடியாது. கையில் உத்தரவே இல்லையென்றால், அவர் வராமலே இங்கே தற்காலிக உத்தரவு பெறலாம். அந்த நாட்டு நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அதற்கு உயிர் கிடையாது.

பாக்கிப் பட்டியலில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேதி, கட்டவேண்டியது, கட்டியது, மீதி என நான்கு பத்தி போதும். உதாரணத்துக்கு, உத்தரவு மாதம் 600 வெள்ளி. ஜனவரியில் 600, பிப்ரவரியில் 350, மார்ச்சில் ஒன்றுமில்லை என்றால் பாக்கி 850. பிள்ளையின் பள்ளிக்கு அவர் நேரடியாக 200 கட்டியிருந்தால் அதை மறைக்காமல் தனியே குறியுங்கள். மறைத்தது தெரியவந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். 3 ஆண்டுக்கு முந்திய பாக்கிக்குச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டியிருக்கும், ஆகவே இழுத்தடிக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. அவர் இருக்கும் மாவட்டத்திலேயே, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் புதிதாக மனுப் போடலாம் (பழைய 125தான் இது). சிங்கப்பூர் ஆவணங்களுக்கு இங்குள்ள சட்டக் கழகத்தில் (Singapore Academy of Law) அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டுப் போகிறவர் மத்திய சேமநிதியையும் (சிபிஎஃப்) எடுத்துச் செல்லக்கூடும். நிதிக் கணக்கில் இருக்கும்வரை அந்தப் பணத்தை முடக்க முடியாது. வங்கிக்கு வந்த பிறகே முடியும். 2025 ஜனவரி முதல் பராமரிப்புத் தொகை அமலாக்க அதிகாரிகள் வங்கிகளிடமும் அரசு அமைப்புகளிடமும் விவரம் கேட்டுப் பெறலாம். கிளம்பப்போகிறார் என்று சந்தேகம் வந்த வாரத்திலேயே மனுவைப் போடுங்கள்.