முட்டிக்கு எண்ணெய்

எங்கள் வண்டியில் ஏறுவது சுலபம். கதவைத் திறந்து உள்ளே விழுந்தால் போதும். இறங்கத்தான் ஆள் வேண்டும்.

1965-ல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே சீட்டு, மேலே துணிக் கூரை, 1147 சிசி இன்ஜின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்ட ஒன்றுக்கு இரண்டாகக் கார்பரேட்டர். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, அங்கே கணக்கராக இருந்த என் மனைவியின் தாத்தாவுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தாத்தா அதை இரண்டாவது கியருக்கு மேல் ஓட்டியதே இல்லையாம். ரேஷன் கடைக்கு மட்டும் போய்வருவாராம். ஸ்போர்ட்ஸ் காரில் மண்ணெண்ணெய் வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருக்குப் பிறகு வண்டி எங்களிடம் வந்தது. போன தீபாவளிக்கு எல்லோரும் துணி எடுக்க, நான் ஒரு கிரீஸ் கன் எடுத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

கையில் கன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கு) மாட்ட இடம் தெரிந்தால் போதும், பளிச் பளிச்சென்று அடித்துவிடுவேன். முன் சக்கரங்களுக்குப் பின்னால் பித்தளை நிறத்தில் இரண்டு கட்டைகள் இருக்கும். அவற்றுக்குக் கூடுதல் கவனிப்பு. பிள்ளைக்கு நெய் ஊட்டுகிற மாதிரி ஊட்டினேன். நான் ஊட்ட ஊட்ட ஸ்டீயரிங் இறுகிக்கொண்டே வந்தது. வளைவில் திருப்பினால் பழைய கட்டில் மாதிரி ஒரு முனகல். இன்னும் கொஞ்சம் அடித்தேன்.

இதற்கிடையில் இன்ஜினிலும் பிக்கப் குறைந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். இரண்டு நாள் வைத்திருந்து, பிளக் மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, ட்யூன் செய்து கொடுத்தார்கள். "சார், இனி கிளி மாதிரி பேசும்" என்றார் அங்கிருந்தவர். உண்மைதான். விடிகாலையில் கிளம்பி மேட்டுப்பாளையம் வரை கிளி பறந்தது. மனைவி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "தாத்தா பார்த்திருக்கணும்" என்றாள். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கிளிக்கு இருமல் வந்தது. பர்லியாரில் மிஸ்ஸிங் அடித்தது. அதற்கு மேல், பின்னால் கரும்புகை. எங்களுக்குப் பின்னால் வந்த பைக்காரர் முந்திப் போகும்போது ஹெல்மெட்டைத் திறந்து காறித் துப்பினார். நியாயமான கருத்து.

மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. பாதிகூடத் தாண்டவில்லை, ஒரு ஓரமாக நின்றது. பட்ட காலிலே படும் என்பார்களே, இறங்கிப் பார்த்தால் பின்பக்கம் பஞ்சர் வேறு.

இங்கே இந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பின்னால் குறுக்குவாட்டில் ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டுதான், அதன் நடுப்பகுதி மேலே போல்ட்டில் பிடித்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரங்கள் தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கிவிடும். இறக்கின பிறகும் உடனே நிமிராது. சந்தைக்குக் கொண்டுவந்த ஆடு காலை மடக்கிக்கொண்டு வர மறுப்பதுபோல் அப்படியே நிற்கும். நாலடி உருட்டினால் தானாகச் சரியாகிவிடும். இது எனக்குத் தெரியும். மலையில் இருந்த வேறு யாருக்கும் தெரியாது.

ஸ்டெப்னி மாட்டி ஜாக்கியை இறக்கியதுதான் தாமதம், "ஐயோ, ஆக்ஸில் உடைஞ்சு போச்சு!" என்று ஒரு குரல். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கினார். டூரிஸ்ட் வேனிலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. "உடையல, அது அப்படித்தான்" என்றேன். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் கண்டக்டர், எதிர்பாராத துக்கத்தைத் தாங்கச் சொல்லும் பெரியவர் குரலில். ஒரு அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் அடி இல்லையே, அது போதும்மா" என்றார். அந்த வேளை பார்த்து எங்கோ மேலே ஊட்டி ரயில் ஊதியது. காலை 7:10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் போகிற ரயில். அது எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். சக்கரம் நிமிர்ந்தது. கூட்டத்தில் கைதட்டல். கண்டக்டர் மட்டும் நம்பவில்லை, ஏமாற்றப்பட்டவர் போலப் பஸ்ஸில் ஏறினார். இன்ஜின் ஆறியிருந்ததாலோ என்னவோ மறுபடி கிளம்பி, இருமி இருமிக் குன்னூர் சேர்ந்தோம்.

குன்னூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். எஸ்டேட் ஜீப்புகள்தான் அவருக்கு வாழ்க்கை. இந்த வண்டியின் பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து மொத்த மூக்கையும் திறந்துவிடும். அண்ணன் முன் டயர்மேல் திண்ணையில் உட்கார்வது மாதிரி உட்கார்ந்து, டீயை இன்ஜின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பிளக்கைக் கழற்றினார். அடுப்புக் கரி.

"எங்க ட்யூன் பண்ணீங்க?"

"கோயம்புத்தூர்ல."

"அதான். கோயம்புத்தூர் காத்துக்குப் பசியாத்தி அனுப்பிருக்காங்க. இங்க வந்து ஜீரணமாகல."

விஷயம் அதுதான். கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், குன்னூர் 1850. இங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலோ கீழே வைத்த அளவிலேயே வந்துகொண்டிருக்கும். அங்கேயே கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டிருந்தால், மேலே வர வரப் புகைதான். இப்போது வரும் வண்டிகளில் சென்சார் பார்த்துக்கொள்கிறது. இதில் சென்சார் அண்ணன்தான். சின்னத் திருப்புளியால் கார்பரேட்டர் பிஸ்டனைத் துளி தூக்கினார். ரேஸ் ஏறியது. "பாத்தீங்களா, காத்து கொஞ்சம் கூடுதலாக் குடுத்ததும் சந்தோஷப்படுது. அப்ப பெட்ரோல் ஜாஸ்தி." அடியில் இருக்கும் நட்டை அதன் இரண்டு பட்டை அளவுக்குத் திருகி மேலே ஏற்றினார், மறுபடி தூக்கிப் பார்த்தார். அப்புறம் ஒரு ரப்பர் ட்யூபைக் காதில் வைத்து, இரண்டு கார்பரேட்டரும் ஒரே குரலில் சீறுகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அரைமணி நேரத்தில் முடிந்தது. கோயம்புத்தூரில் இரண்டு நாள்.

"முன்னாடி ஏதோ முனகுதுண்ணே" என்றேன்.

படுத்துப் பார்த்தார். அந்தப் பித்தளைக் கட்டையின் அடியில் இருந்த நிப்பிளைக் கழற்றினார். உள்ளிருந்து, காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒன்று பிதுங்கியது.

"இதுக்கு யாரு கிரீஸ் அடிச்சது?"

நான் மலையைப் பார்த்தேன். "முன்னாடி ஒரு மெக்கானிக்..."

"தீபாவளிக்குக் கன் வாங்கினாரே, அந்த மெக்கானிக்கா?" என்றாள் மனைவி.

அதன் பெயர் ட்ரன்னியன். அண்ணன் முட்டி என்றார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது இந்தக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே திரும்பும். அதனால் இதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான், மேலே வழியும்வரை. கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது. உள்ளே காய்ந்து, மரை துருப்பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்தால் சக்கரம் தனி வழி போகும். நான் மாதக்கணக்கில் அன்போடு செய்துவந்தது இதைத்தான். நல்லவேளை, தண்டு பிழைத்திருந்தது. கட்டைகள் இரண்டும் தேய்ந்து போயிருந்தன.

ஸ்பிட்ஃபயரின் சேசிஸே (அடிச்சட்டம்) ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கியதுதான். ஹெரால்டைச் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி செய்து விற்றது. ஆகவே முட்டி அங்கே புதுப்பேட்டையில், பழைய பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் என்றார் அண்ணன். சென்னையில் இருக்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். நான்கு நாள் அவர் எனக்குப் படம் அனுப்பினார்: ஒரு கதவுப் பிடி, என்னவென்றே தெரியாத ஒன்று, பிரியாணி. ஐந்தாம் நாள் "கிடைச்சாச்சு மாப்ளே, ஜோடியா!" பார்சலைப் பிரித்த அண்ணன் ஒன்றைத் திருகிப் பார்த்தார், இன்னொன்றைத் திருகிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை. வந்த இரண்டும் வலது.

"உங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். மச்சான் என் மனைவியின் தம்பி. நான் பதில் சொல்லவில்லை, ஆனால் மனைவியின் பக்கம் திரும்பி நன்றாகச் சிரித்தேன். அன்று கிடைத்த ஒரே சந்தோஷம்.

இடது முட்டி வர இன்னும் பத்து நாள் ஆனது. இப்போது ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். பானெட்டுக்கு உள்பக்கம் அண்ணன் வெள்ளை பெயின்ட்டில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்: "ஆயில் மட்டும். சார் தொடக் கூடாது."

போன வாரம் வாசல் கேட்டு கிறீச்சிட்டது. கிரீஸ் கன்னைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏங்க," என்றாள் உள்ளிருந்து, "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அடிங்க."