மூழ்கிய காட்டுக்குள் பாஸ் மீன்: டெக்சாஸ் லேக் ஃபோர்க் பயணம்

டல்லாஸிலிருந்து கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேரம். கிரீன்வில் வரை 30-ஆம் எண் விரைவுச்சாலை, அப்புறம் 69-ஆம் எண் சாலையில் எமரி, ஆல்பா என்று சின்னச் சின்ன ஊர்கள். மார்ச் மாதம். ஆல்பாவை நெருங்கும்போதே எதிரில் வருகிற வண்டியெல்லாம் பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்தன. அக்கா மகன் டல்லாஸ் பக்கம் வேலை பார்க்கிறான். ஓய்வு கிடைத்தால் தூண்டிலோடு கிளம்பிவிடுவான். அவன் ஏற்பாட்டில்தான் லேக் ஃபோர்க் போனேன்.

சபைன் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. 1980-களில் நிரம்பியது, பரப்பு ஏறத்தாழ 27,000 ஏக்கர். தண்ணீர் தேக்கியபோது அங்கிருந்த காட்டில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் பட்டுப்போன மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. சில வெளியே தலை நீட்டுகின்றன. பல மரங்கள் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். படகுகள் மோதாமல் போக மிதவைகளை வைத்துப் பாதை காட்டியிருக்கிறார்கள்.

அந்த மரங்கள்தான் லார்ஜ்மவுத் பாஸின் வீடு. இந்த மீன் பெரும்பாலும் இரையைத் தேடி அலைவதில்லை. நிழலில் பதுங்கி நிற்கும். பக்கத்தில் ஏதாவது வந்தால் அகன்ற வாயைச் சட்டெனத் திறக்கும், தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். ஆக, மீன் இருக்கிற இடத்தில்தான் தூண்டில் முள் சிக்கிக்கொள்கிற கிளைகளும் இருக்கின்றன. லேக் ஃபோர்க்கில் நான் பார்த்த சாமான்கள், கற்ற முறைகள் எல்லாமே இந்த ஒரு சிக்கலுக்கான விடைகள்தான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது டெக்சாஸ் ரிக் என்ற தூண்டில் கட்டும் முறை. தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஓர் எடை. முன்பக்கம் கூராக இருப்பதால் கிளைகளுக்கிடையே நழுவிப் போகும். அடுத்து, கழுத்தில் ஒரு மடிப்பு உள்ள முள். ரப்பர் போல மெத்தென்ற பிளாஸ்டிக் புழுவின் தலையில் முள்ளைக் குத்தி, வெளியே இழுத்து, திருப்பி, நுனியை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். வெளியே கூர் தெரியாது. கிளையில் உரசினாலும் மாட்டாது. மீன் கவ்வி, நாம் பலமாக இழுக்கும்போதுதான் முள் புழுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முக்கியமான ஒன்று, புழு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் சுருங்கி வளைந்தாலும் தண்ணீரில் சுழலும், தங்கூசி முறுக்கிக்கொள்ளும்.

இந்தப் பிளாஸ்டிக் புழுவுக்கும் இந்த மண்ணுக்கும் உறவு உண்டு. ஒஹையோ மாநிலம் ஏக்ரனில் 1949-இல் நிக் கிரீம் என்பவர் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் அவர் நிறுவனம் வந்து சேர்ந்த டைலர் நகரம் ஏரிக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது.

எங்களோடு வந்த கைடு இந்தப் பகுதிக்காரர், வயதில் மூத்தவர். எடையில் ஈயத்தைவிட டங்ஸ்டனைத்தான் விரும்புகிறார். அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடை சின்னதாகக் கிடைக்கும். கெட்டியாகவும் இருப்பதால் அடியில் இருப்பது கல்லா, கட்டையா, சேறா என்று கைக்குத் தெரியும். ஏழடிக் கழி, தங்கூசியைச் சுற்றிவைக்கும் பெய்ட்காஸ்டிங் ரீல், ஃப்ளூரோகார்பன் தங்கூசி. நைலான் தங்கூசியைவிட இது சீக்கிரம் அமிழும். முடிச்சைப் பாலோமர் முறையில் போட்டு, இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைத்தார். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனப்பட்டுவிடும்.

வீசும் முறையில்தான் பொறுமை வேண்டும். மரத்தை ஒட்டி வீசி, புழு தானாக அமிழும்வரை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான மீன்கள் அது கீழே இறங்கும்போதே கவ்வுகின்றன. அடியைத் தொட்டதும் கழியை மெல்லத் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். ரீலால் இழுத்துக்கொண்டே இருந்தால் புழு மீனைத் தாண்டி ஓடிவிடும். “மாமா, தங்கூசியையே பாருங்க. கைக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுல தெரியும்” என்றான் மருமகன். அது நூற்றுக்கு நூறு உண்மை. அமிழ்ந்துகொண்டிருந்த தங்கூசி ஒரு மரத்தடியில் சட்டென நின்றது. பின் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஓங்கி இழுத்தேன். கழி வில்லாக வளைந்தது. மீன் அடிமரத்தைச் சுற்றப் பார்த்தது. அங்கே போனால் தங்கூசி அறுந்துவிடும் என்று கைடு கத்த, விட்டுக்கொடுக்காமல் இழுத்து மேலே கொண்டுவந்தேன். அது வாயைத் திறந்தபடி துள்ளி எழுந்த அழகை எப்படி எழுதுவது!

கைடு கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பிடித்தார். பெரிய மீனானால் வயிற்றுக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும். தாடையால் மட்டும் படுக்கைவாட்டில் தூக்கினால் அதற்குக் காயம். வாயை மூடி, வாலைக் குவித்து அளந்தார். 19 அங்குலம். உடனே தண்ணீரில் விட்டார். இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள பாஸை யாரும் எடுத்துப்போகக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன். அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பது ஒன்றே ஒன்று. பெருகவும் பெரிதாகவும் வேண்டிய மீன்களை ஏரியிலேயே நிறுத்தி வைக்கிற விதி இது. பெரிய மீனைப் பிடித்தால் ஊருக்கே காட்டுகிற பழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஆனாலும் எங்கள் கண்மாய்களுக்கும் இப்படி ஓர் அளவுகோல் இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்று மனதார நினைத்தேன்.

பெரிய மீன்களுக்குப் பேர்போன ஏரி இது. டெக்சாஸின் சாதனை மீன் இந்த ஏரியில் பிடித்ததுதான்: 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு பாஸ், எட்டு கிலோவுக்கும் மேல். அவர் அன்று கிராப்பி என்ற சின்ன மீனுக்குத்தான் தூண்டில் போட்டிருந்தார். அதற்கு முன் 1986-இல் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த 17.67 பவுண்டு மீன் அரசின் ஷேர்லங்கர் திட்டத்துக்குப் போன முதல் மீன். 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள மீனைப் பிடிப்பவர்கள் முட்டையிடும் காலத்தில் அதை அரசுக்குக் கொடுக்கலாம். ஏதென்ஸ் என்ற ஊரிலுள்ள நன்னீர் மீன் மையத்தில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுகிறார்கள். திரும்பும் வழியில் அங்கும் போனோம். தொட்டிக்குள் நிற்கும் பாஸைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், மரத்தடியில் அது எப்படி நின்றிருக்கும் என்று புரிகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

மருமகனின் பெட்டியில் உள்ளே கூடாக இருக்கும் ரப்பர் தவளை ஒன்று இருந்தது. கோடையில் நீர்ச்செடிகள் மேற்பரப்பை மூடும்போது அதன்மேல் இழுத்துவர வேண்டியது. இரட்டை முள் மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. நம் பக்கம் விரால் பிடிக்கவும் இப்போது இதே தவளையைத்தான் வீசுகிறார்கள். பாஸாக இருந்தாலும் விராலாக இருந்தாலும் மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடக் கூடாது. தவளை மறைந்து, பாரம் கையில் தெரிந்த பிறகுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். 17 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். வெளிநாட்டவருக்கும் ஒரு நாள் உரிமம் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை பாஸ் கரையோரம் வந்து கூடு கட்டுகிற காலம் என்பதால் கூட்டம் அதிகம். கைடையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். விடியற்காலையில் ஏரிக்காற்று நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். சாமான்களைச் சுமக்க வேண்டாம், கைடுகள் பெரும்பாலும் எல்லாம் வைத்திருப்பார்கள். போலராய்டு கண்ணாடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். நீர்ப்பரப்பின் கூச்சம் போய், அடியில் நிற்கும் கட்டைகளும் கரையோரக் கூடுகளும் தெரியும்.