குஞ்சு விடுவது வேறு, ஆற்று மீனைக் காப்பது வேறு

ஒகேனக்கல் பக்கம் காவிரியில் மீன் குறைஞ்சு போச்சு என்று பேச்சு எழுந்தால், அடுத்த வார்த்தை "குஞ்சு விடணும்" என்பதுதான். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கு அது சரி. கட்லா, ரோகு குஞ்சு விட்டு, வளர்ந்ததும் பிடித்து வறுத்து விற்பது தண்ணீரில் செய்யும் விவசாயம். ஓடும் ஆற்றில் தானாக முட்டையிட்டுப் பெருகும் மகசீர் என்ற பெரிய ஆற்று மீனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் 'டோர் ரெமாதேவி' என்ற இனம்தான் என்பது 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. 1970களிலிருந்து லோனாவாலா பண்ணையின் நீலத் துடுப்பு மகசீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டு வந்தன. அவை பெருகின, திமில் மகசீர் சரிந்தது. நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான்.

அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீனுக்கும் இதே தலைவலி உண்டு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் அது. பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் பிழைத்தால் மறுபடியும் வரும். அதனால் பெரிய மீனை உயிரோடு விடுவதற்கு அங்கே மதிப்பு அதிகம். பண்ணைக் குஞ்சுகளை விடுமுன் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள சின்னச் சதைத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். அந்தத் துடுப்பு முழுசாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன். பெரும்பாலான ஆறுகளில் திரும்ப விட்டாக வேண்டும். ஒரிகனின் ஹூட் ஆற்றில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. பண்ணையில் கழிக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்றது அது.

நம் மகசீர் கெண்டைக் குடும்பம், அதற்குச் சதைத் துடுப்பே கிடையாது. வளர்த்ததா, ஆற்றில் பிறந்ததா என்று வலை போடுபவர் பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஆகவே இங்கே விதி எளிமையாக இருக்க வேண்டும்: எந்த மகசீர் சிக்கினாலும் விட்டுவிடுவது.

ஆனால் வலையில் செத்த மீனை விட்டுப் பயனில்லை. அதனால் முதல் வேலை வலைக்கண். கண்ணை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே அளக்கணும். 50 மி.மீ. கண் என்றால் சுற்றளவு 100 மி.மீ.; உடல் சுற்றளவு அதைவிடக் கொஞ்சம் கூடுதலான, கைக்குள் அடங்கும் மீன்தான் செவுளில் மாட்டும். அதெல்லாம் முட்டையிடாத குட்டி. 100 மி.மீ. கண்ணுக்குப் போனால் குட்டிகள் புகுந்து ஓடிவிடும். தங்கூசி வலையை (ஒற்றை நைலான் இழை வலை) ராத்திரி போட்டுவிட்டு விடிந்து எடுப்பதுதான் பெரிய கேடு: வலை மீனுக்குத் தெரியாததால் எல்லாம் மாட்டும், விடிவதற்குள் மூச்சடைத்துச் சாகும். அறுந்து பாறையில் சிக்கிய வலை பிறகும் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது காலம். கடலில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதே தேதியை ஆற்றுக்குக் கொண்டுவந்தால் பாதிதான் பலன். ஆற்றுக் கெண்டைகள் புதுவெள்ளத்தில்தான் மேலேறும். ஆடிப்பெருக்கை ஒட்டிய வாரங்களில் பாறை இடுக்கில் வலை கட்டினால் சினை மீன் அத்தனையும் போச்சு. சித்திரை, வைகாசியில் வேறு ஆபத்து: தண்ணீர் வற்றி மீனெல்லாம் மடுவில் ஒதுங்கும். ஒரு வெடித் தோட்டா போட்டால் மடுவே காலி. காற்றுப்பை வெடித்துச் சாகும் மீனில் பலதும் அடியில் போய்விடும், மிதப்பதை மட்டும்தான் அள்ள முடியும். வெடியும் விஷமும் 1897 மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

2022இல் அறிவித்த காவேரி தெற்கு சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கி.மீ.; அதற்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தூண்டிலே கூடாது.

அனுமதி உள்ள இடத்தில் தூண்டிலில் மகசீர் வந்தால்: தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை (பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர்) குறடால் முன்பே நசுக்கி வைக்கணும், எளிதாகக் கழலும். கையை நனைத்துப் பிடி. காய்ந்த கை மீனின் வழவழப்பான மேற்பூச்சை உரித்தால் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடாதே. தொண்டைக்குள் போன முள்ளைப் பிடுங்காமல் தூண்டில் நரம்பை ஒட்ட வெட்டு. ஃபோட்டோ தண்ணீரிலேயே எடு. தலையை ஓட்டத்தை நோக்கி வைத்துத் தாங்கு, அதுவாக உதறிப் போகும் வரை தள்ளிவிடாதே. வெயில் ஏறிய மதியத்தில் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், களைத்த மீன் தேறுவது கஷ்டம். அந்த நேரத்தில் தூண்டிலே போடாமல் இருப்பது நல்லது.