ராத்திரி எப்படித் தூங்குது?

குமுளியில் நாய் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தால் மலைக்கு மேலிருந்தும் வருவார்கள், கீழே கூடலூர், கம்பத்திலிருந்தும் வருவார்கள். வயதான நாயை வியாதி என்று சொல்லிக் கொண்டுவருபவர்கள் குறைவு. "இப்பல்லாம் ஆள் மதிக்க மாட்டேங்குது", "தொட்டாலே சீறுது" என்று பெரும்பாலும் புகாராகத்தான் ஆரம்பிக்கும். நான் முதலில் கேட்பது ராத்திரியைப் பற்றி.

ஏலக்காய் ஸ்டோர் காவலுக்கு இருந்த கோம்பைக் கலப்பு நாய் ஒன்று. 12 வயதுக்கு மேல். கழுத்தில் மந்திரித்த கறுப்புக் கயிறு. "ராத்திரி பூரா நடந்துக்கிட்டே கெடக்கு டாக்டரம்மா. சுவத்தைப் பாத்துக் குரைக்குது. காத்துக் கருப்பு எதுவும் பட்டிருக்குமோ?" என்றார் காவல்காரர். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். பின்னங்காலைப் பிடித்து மெல்லப் பின்னால் நீட்டினேன். உறுமியது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. மலைக்குளிரில் சிமெண்ட் தரையில் அது எப்படிப் படுக்கும்? எழுந்து நடக்கத்தான் செய்யும்.

வலி மருந்தும் கீழே விரிக்கச் சாக்கும் கொடுத்த பிறகு பாதி ராத்திரியாவது தூங்கியது. ஆனால் கதவு திறக்கிற பக்கம் போகாமல், கீல் இருக்கிற பக்கம் போய் நின்று காத்திருந்தது. ஸ்டோர் மூட்டைகளுக்கு இடுக்கில் தலையை விட்டால் பின்வாங்கி வெளியே வரத் தெரியவில்லை. இது மூட்டு சம்பந்தப்பட்டதல்ல, மூளைத் தேய்வு. அல்ஸைமர் வந்த மனிதர் மூளையில் படிகிற அமிலாய்டு புரதம் நாய் மூளையிலும் படிகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15-16 வயதில் 68 சதவீதத்துக்கும் இப்படி ஏதாவது ஓர் அறிகுறியாவது இருந்தது. செலிஜிலின் என்ற மாத்திரை சில நாய்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், குணமாக்காது. சோற்றுத் தட்டை இடம் மாற்றாமல் வைப்பது, ராத்திரி ஒரு சின்ன பல்பு, சாயங்காலம் ஒரு நடை, இவற்றுக்கும் பலன் உண்டு.

எடுத்த எடுப்பிலேயே மூளை என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிட்னி, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. ஐப்பசி இடிக்கு இத்தனை வருஷம் அசையாத நாய் திடீரென்று கட்டிலுக்கடியில் புகுந்தாலும் வலியைத்தான் முதலில் தேடுவேன். திடுக்கிடும்போது உடம்பு இறுகும். வலிக்கிற இடம் இன்னும் வலிக்கும். அடுத்த இடிக்குப் பயம் கூடும். அதற்காக வீட்டிலிருக்கிற புரூஃபென் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். நாய்க்குக் குடல் புண்ணாகும், கிட்னி போகும்.

காது மந்தமான நாய்தான் அதிகம் பழி சுமக்கிறது. தூங்கும்போது குழந்தை தொட்டால் பதறிக் கடிக்கும், உடனே "வெறி" என்பார்கள். வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பக்குவம் தெரியும். அவற்றில் பிறவிச் செவிடு சகஜம். பக்கத்தில் போகுமுன் தரையைக் காலால் தட்டுவார்கள், அதிர்வில் எழுந்துகொள்ளும்.

இப்போதெல்லாம் ராத்திரி நடப்பதை போனில் வீடியோ எடுத்துவரச் சொல்கிறேன். புது இடம், புது வாசனை என்றால் எந்தக் கிழட்டு நாயும் மேஜைமேல் விறைப்பாக நின்று ஒன்றுமில்லாததுபோல் காட்டிக்கொள்ளும். கூட வந்தவர்தான் அசடு வழிவார்.