உடைந்த பல்பும் என் துடைப்பமும்

நேற்று மேசை விளக்கைத் தட்டிவிட்டேன். சுருள் சுருளாக இருக்குமே, அந்தப் பழைய சிஎஃப்எல் பல்பு 'டொப்'பென்று உடைந்தது. கை தானாகத் துடைப்பத்தைத் தேடிப் போனது. "அப்பா, பெருக்காதீங்க, உள்ள பாதரசம் இருக்கு!" என்று மகள் கத்தினாள்.

அவள் சொன்னது சரிதான். இந்த பல்புக்குள் சுமார் 4 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரில் இருந்தது கிட்டத்தட்ட 500 மில்லிகிராம். அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். பெருக்கினாலோ வேக்குவம் கிளீனர் போட்டாலோ இன்னும் பரவும்.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் எல்லோரும் வெளியே நின்றோம். அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு, கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளினேன். வெள்ளைப் பொடி மட்டும் முகப்பவுடர் மாதிரி டைல்ஸ் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. செலோடேப்பால் ஒற்றி ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரத் தாளால் துடைத்தேன். அந்தத் தாள் உட்பட எல்லாம் இப்போது மூடி போட்ட ஊறுகாய் ஜாடிக்குள், வீட்டுக்கு வெளியே. சாதாரணக் குப்பையோடு போடக்கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

மின்சாரம் மிச்சமாகும் என்று இவற்றை வீடு முழுக்க மாட்டியவன் நான்தான். மிச்சமானதும் உண்மை. இப்போது அந்த விளக்கில் எல்இடி பல்பு; அதில் பாதரசம் கிடையாது. பரணில் இன்னும் மூன்று சிஎஃப்எல் கிடக்கின்றன. ஜாடியோடு அவற்றையும் கொடுத்துவிட வேண்டும்.