வலது இருக்கைக்கு வந்த பிறகு

விமானப்படையை விட்டு வந்து சிறிய விமானங்களில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதும் முதலில் வேலை கூடியது என் கால்களுக்குத்தான். ஜெட்டில் இருந்தவரை ரடர் பெடலில் (மூக்கை இட வலமாகத் திருப்பும் கால்மிதியில்) கால் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும். ரன்வேயில் நேராக ஓட வேண்டும், பக்கக் காற்றில் இறங்க வேண்டும் என்றால் அதற்கு வேலை வரும். மற்ற நேரங்களில் மூக்கை நேராக வைத்திருக்கும் பொறுப்பை யா டாம்பர் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். நான் இப்போது பயிற்சி கொடுக்கும் செஸ்னா 172 என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தில் அந்த வசதி கிடையாது. இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளிய உடனே மூக்கு இடது பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு வந்து வாலின் இடப்புறத்தில் அடிக்கிறது. மூக்கைத் தூக்கி ஏறும்போது வலப்புறம் கீழே இறங்கும் பிளேடு அதிகமாக இழுக்கிறது. இரண்டையும் சமாளிக்க வலது கால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், வேகம் கூடக் கூட அந்த அழுத்தத்தைக் குறைக்கவும் வேண்டும். அப்புறம்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் கையோடு காலும் சேர்ந்து போகப் பழகும்.

என் பாதை வழக்கமானதுதான். ப்ரொப்பெல்லர் பயிற்சி விமானம், ஜெட் பயிற்சி விமானம், பிறகு ஒற்றை இருக்கைப் போர் விமானம். நடுவில் பயிற்றுநர் படிப்பு முடித்து, சில வருடங்கள் கேடட்டுகளுக்கு ஜெட்டில் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பயிற்சி கொடுப்பது எனக்குப் புதிதல்ல. எங்கே உட்கார்ந்து கொடுக்கிறேன் என்பதுதான் புதிது.

ஜெட் பயிற்சி விமானத்தில் மாணவன் முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிந்தது அவன் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும். பயப்படுகிறானா, குழம்பியிருக்கிறானா என்பதை ஆக்சிஜன் மாஸ்க் வழியாகக் கேட்கும் மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். செஸ்னாவில் மாணவர் இடது இருக்கை, நான் வலது இருக்கை, தோளோடு தோள் உரசும். அவர் கண் எங்கே பார்க்கிறது, கை எவ்வளவு இறுகியிருக்கிறது, எல்லாமே தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். தரை நெருங்கும்போது என் கை தொடையிலிருந்து ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், "சார் எடுத்துக்கொள்ளப் போகிறார்" என்று அவர் கை தளர்ந்துவிடும். அதனால் என் கையை எங்கே வைப்பது என்பதே பயிற்சியின் ஒரு பகுதி ஆகிவிட்டது. தொடைமேல், விரல்கள் விரித்து, அவர் கண்ணில் படும்படி வைத்திருப்பேன். தேவைப்பட்டால் அரை நொடியில் யோக்கை, அதாவது விமானத்தின் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை, பிடிக்கலாம். அதுவரை விமானம் அவருடையது.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மாணவி. கணக்கும் வானிலையும் மிக நன்றாகப் படித்தவர். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சி என்று சொன்னாலே உடம்பு விறைத்துவிடும். வேகம் குறையும்போது இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் எச்சரிக்கை ஒலி, உண்மையான ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) முன்னதாகவே ஊத ஆரம்பிக்கும். அந்த ஊளைச் சத்தம் கேட்டதும் அவர் யோக்கை இன்னும் பின்னால் இழுப்பார். கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு தானாகச் செய்வது அது. செய்ய வேண்டியதற்கு நேர் எதிர். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். ஒரு பென்சிலை எடுத்து, நடுவிரலுக்கு மேலும் ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழுமாகச் செருகச் சொன்னேன். "இப்போது யோக்கைப் பிடியுங்கள்." இறுக்கிப் பிடித்தால் பென்சில் விரலை நோகடிக்கும். கை தானாக லேசாகும். கை லேசானதும் யோக்கில் வரும் மாற்றம் தெரிய ஆரம்பித்தது: வேகம் குறையும்போது கட்டுப்பாடுகள் தளர்ந்து போவது, ஸ்டாலுக்குச் சற்று முன்னால் வரும் நடுக்கம், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியதும் இறக்கை மறுபடி பிடிமானம் கொள்வது. வேகமானியைப் பார்க்காமலே, "இப்போது வரப்போகிறது" என்று அவரே சொன்னார். எனக்கு அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

இப்படி ஆபத்தின் விளிம்புக்கு மாணவரைக் கூட்டிப் போய், அங்கிருந்து திரும்பக் கற்றுக்கொடுக்கும் முறையே ராணுவத்திலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இருந்தார். போர்முனையில் களைத்துப் போனவர்கள் பயிற்றுநர்களாக அனுப்பப்பட்ட காலம் அது. ஆபத்தான அசைவுகளிலிருந்து மாணவர்களை விலக்கி வைப்பதே பயிற்சியாக இருந்தது. 1917இல் கோஸ்போர்ட்டில் அவர் அமைத்த பள்ளி அதைத் தலைகீழாக மாற்றியது. இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவனே ஸ்பின்னுக்குள் (சுழன்றபடி கீழே விழும் நிலைக்குள்) போக வேண்டும், அவனே வெளியே வர வேண்டும். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்பதற்கு ஒரு ரப்பர் குழாய். பறந்துகொண்டே காரணத்தை விளக்கிச் சொல்வது அதனால் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடம் கழித்து ஹெட்செட் போட்டுக்கொண்டு நான் செய்வதும் அதேதான்.

ஆனால் ராணுவப் பயிற்சிக்கு ஒரு கடிகாரம் உண்டு. இத்தனை சார்ட்டிக்குள் (பறப்புக்குள்) சோலோ, அதாவது தனியாகப் பறப்பது, இத்தனைக்குள் ஃபார்மேஷன், அதாவது அணியாகப் பறப்பது என்று நிர்ணயம் இருக்கும். எட்டாதவர் வேறு பிரிவுக்குப் போவார். அது தேவையான கண்டிப்பு, குறை சொல்ல மாட்டேன். என்றாலும் அங்கே பயிற்றுநரின் பாதி வேலையை அந்தக் கடிகாரமே செய்துவிடுகிறது என்பது என் கருத்து. சிவிலியன் மாணவர் சொந்தப் பணத்தைக் கட்டி, வேலை நாட்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வருகிறார். லேண்டிங் வரவில்லை என்றால் வேறு பிரிவுக்கு அனுப்ப முடியாது. நான்தான் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு ரன்வே விளிம்புக்குப் பதிலாகத் தொலைவில் கண்ணை வைக்கச் சொன்னால் ஃப்ளேர் (தரையைத் தொடும் முன் மூக்கை லேசாகத் தூக்குவது) சரியாகிவிடும். சிலரை இறக்காமல், தரைக்குச் சில அடி மேலே ரன்வே நீளம் முழுக்கப் பறக்கவிட்டு, பிறகு மேலே ஏற்ற வேண்டும். பொறுமை என்று ஒரே வார்த்தையில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையான தொழில்நுட்ப வேலை.

படையிலிருந்து நான் முழுதாக எடுத்து வந்தது டீப்ரீஃபிங். அங்கே ஒரு மணி நேரப் பறப்புக்கு இரண்டு மணி நேரம் அறையில் உட்காருவோம். பதவியும் வயதும் வாசலோடு நின்றுவிடும். நோக்கம் என்ன, நடந்தது என்ன, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவது, இதே வரிசையில் பேசுவோம். ஸ்க்வாட்ரன் கமாண்டர் செய்த தவறையும் புதிதாக வந்தவன் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சிறிய விமானப் பயிற்சியில் பெரும்பாலும் இன்ஜினை நிறுத்தி, லாக்புக்கில் (பறப்பு நேரங்களைப் பதியும் குறிப்பேட்டில்) கையெழுத்துப் போட்டு, "நல்லா இருந்தது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பிரிந்துவிடுவார்கள். என் மாணவர்களோடு குறைந்தது அரை மணி நேரமாவது உட்காருவேன், முதலில் அவர்கள்தான் பேச வேண்டும். "மூன்றாவது சர்க்யூட்டில் (ரன்வேயைச் சுற்றி வரும் சுற்றில்) பேஸ் திருப்பம் ஏன் அகலமாகப் போனது?" என்று கேட்டால், அந்தத் திருப்பத்துக்கு முன் ரன்வேக்கு இணையாகப் பறக்கும் டவுன்விண்டில் காற்று எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அவர்களே பின்னோக்கிப் போவார்கள். ஜெட் ஓட்டிய கைத்திறனைவிட இந்தப் பழக்கம் அவர்களுக்குப் பல மடங்கு பயன்படுகிறது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஒற்றை இன்ஜின் ஜெட்டில் இன்ஜின் அணைந்தால் மறுபடி மூட்டப் பார்ப்போம், முடியாவிட்டால் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் எஜெக்‌ஷன் சீட். செஸ்னாவில் அதற்காக இழுக்கும் கைப்பிடி இல்லை. இருப்பது உயரமும் 68 நாட் வேகமும்தான். 172எஸ் என்ற மாடல் அந்த வேகத்தில், காற்றில்லாத நேரத்தில், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 1.5 கடல் மைல் மிதந்து போகும். மூவாயிரம் அடியில் இருந்தால் நாலரை மைல். கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும், வயலைத் தேடித் தடுமாறினால் கரைந்துவிடும். அதனால் பேச்சுக்கு நடுவே த்ராட்டிலை மூடிவிட்டு, "எங்கே இறங்குவீர்கள்?" என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நாளில் நான் கேட்பதற்கு முன்பே அவர்கள் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

சரி, இன்னும் சீருடையில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் வர யோசிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, லாக்புக். சிவிலியன் கணக்கில் பறப்பு நேரம் என்பது புறப்படுவதற்காக விமானம் முதலில் நகர்ந்ததிலிருந்து, பறப்பு முடிந்து நிற்கும் வரை. படைகள் வேறு விதமாகக் கணக்கு வைப்பதுண்டு. எந்த நேரத்தை எப்படி ஏற்பார்கள், எந்தத் தேர்வுகளிலிருந்து விலக்கு கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 61.73 என்ற விதி, தகுதியுள்ள ராணுவ விமானிக்கு எழுத்துத் தேர்வின் வழியாகவே வணிக விமானி உரிமம் பெற இடம் தருகிறது. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. கையெழுத்து வாங்க வேண்டிய அதிகாரிகள் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டு, விலகும் முன்பே விடுமுறை நாட்களில் கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) பழகுங்கள். அதில் கண்ணுக்கு முன்னால் ஒரு நூல்துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கால் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த நூல் உடனே ஒரு பக்கம் சாய்ந்து காட்டிவிடும்.