திருத்தக் குடுங்கோ

மகனின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டியை என் வேட்டிகளுக்கு நடுவில் சுற்றித்தான் கோவையிலிருந்து கொண்டு வந்தேன். பாத்திரம் பண்டமெல்லாம் இங்கே வாங்கிக்கொள்ளலாம், அதை மட்டும் விட்டுவிட்டு வர முடியாது என்று பிடிவாதம் பிடித்தான். பதினொரு வயது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவனுடைய பழைய வகுப்புப் பையன்கள் நாலு பேர் கோவையிலிருந்து விளையாட்டுக்குள் வருவார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்று என்பதால் அந்த ஏழு மணி மட்டும் அவனுக்கு மாறவில்லை. பள்ளிக்கூடம், பஸ், சாப்பாடு (இங்கே பாண் என்கிற ரொட்டியும் சம்பலும்), எல்லாம் மாறியிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். வந்த அன்றைக்கே சுவர்தான் முதலில் மக்கர் செய்தது. மின்சாரம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட். ஆனால் பிளக் மட்டும் ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று சாதி. சமையலறையில் நமக்குப் பழக்கமான உருண்டை முள் சிறிசும் பெரிசும், புதிதாகப் பூசிய ஹாலில் தட்டை முள் வைத்த 13 ஆம்பியர் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் இரண்டு முள் வயர் போகவே போகாது. உள்ளே ஒரு மூடி இருக்கிறது, மேலே இருக்கும் எர்த் முள் நுழைந்தால்தான் அது விலகும். வீடு காட்டிய தரகர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேல் துளையில் குத்தி, கீழே வயரைச் சொருகிக் காட்டினார். "இங்க எல்லாரும் இப்படித்தான்." நானும் அன்றிலிருந்து அப்படித்தான். டிவிக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு ரெனால்ட்ஸ் பேனா கிடந்தது.

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் பிளேஸ்டேஷன் செத்தது. மார்ச், ஏப்ரலில் கொழும்பில் பகலெல்லாம் புழுங்கிவிட்டுச் சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும். அன்றைக்குக் கடலுக்கு மேல் ஒரு இடி, வீட்டில் விளக்கு ஒரு தடவை சிமிட்டியது, அவ்வளவுதான். மறுநாள் பொத்தானை அழுத்தினால் வெளிச்சமும் இல்லை, 'பீப்'பும் இல்லை.

நான் ஆலைகளுக்குத் தையல் எந்திரப் பாகங்கள் விற்கிற ஆள். எந்திரம் ஓடவில்லை என்றால் கரண்ட் வருகிற வழியிலிருந்து பார்த்துக்கொண்டு வா என்று நாளெல்லாம் பிறருக்குச் சொல்கிறவன். வீட்டில் மட்டும் முதல் ஒரு மணி நேரம் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றேன். ஏழு விநாடி விடாமல் பிடித்தால் இரண்டாவது 'பீப்' கேட்டு சேஃப் மோடு என்கிற பழுதுபார்க்கும் நிலைக்குப் போகும் என்று மகன்தான் சொன்னான். முதல் பீப்பே கேட்கவில்லையே, இரண்டாவதற்கு எங்கே போவது? நீல விளக்கு துடித்துக்கொண்டே நின்றால் அது வேறு நோய்: உள்ளே இருக்கும் மெயின் போர்டோ, ஹார்ட் டிஸ்கோ, டிவிக்குப் போகும் வயரோ. ஒன்றுமே எரியாவிட்டால் பெரும்பாலும் கரண்ட் வருகிற வழியில்தான் கோளாறு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வயரைக் கழற்றினேன். எட்டுப் போட்ட மாதிரி வாய் உள்ள வயர், பழைய ரேடியோக்களுக்கும் அதுதான். கீழே போய்க் கேட்டேன்.

"ஓம் தம்பி, கிடக்கு, எடுங்கோ. வயர் பிழையில்லையெண்டா பெட்டிதான் பழுது. திருத்தக் குடுங்கோ."

எங்கள் ஊரில் விடைத்தாளைத் திருத்துவோம், பிள்ளையைத் திருத்தப் பார்ப்போம். இங்கே ஃபிரிட்ஜையும் ஃபேனையும் திருத்துகிறார்கள். ரிப்பேர் என்பதைவிட இதில் கொஞ்சம் நம்பிக்கை கூடுதல் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய ரேடியோ வயர் சமையலறை பிளக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டி அசையவில்லை. வயர் நிரபராதி.

புத்தாண்டுக்குக் கடையெல்லாம் பூட்டி, ஒரு வாரம் கழித்துக் காலி வீதியில் ஒரு பளபளப்பான கடைக்குக் கொண்டுபோனேன். கையில் தூக்கிப் பார்த்தார்கள், பிளக்கில்கூடச் சொருகவில்லை. "போர்ட் போய்ட்டு சேர், 35,000 ரூபா." திறக்காமலே போர்ட் போனது எப்படித் தெரியும் என்று கேட்டால் இடி என்றால் போர்ட்தானாம். திரும்பி வந்துவிட்டேன். மகன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, ஏழு மணிக்குப் பால்கனியில் போய் ரயில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை 101ஆம் நம்பர் பஸ் பிடித்துப் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒரு மாடிப்படிக்கு மேலே, ஃபேன் காற்றும் ஈயப் புகையுமாக ஒரு நானா; இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உதவிக்கு இருந்த சிங்களப் பையன் என்னை "அய்யா, அய்யா" என்றபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிங்களத்தில் அது அண்ணன்தான் என்று பிறகு தெரிந்தது.

நானா ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் சொருகிப் பார்த்தார், கழற்றினார், ஸ்டிக்கரைச் சுரண்டி நட்சத்திரத் தலை ஸ்குருக்களைத் திருகினார். மூடி வந்தது. உள்ளே ஒன்பது மாதக் கடற்கரைத் தூசி. பவர் சப்ளையைத் தனியே தூக்கி மேசையில் வைத்து அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்து மீட்டர் முனைகளை வைத்தார். சுவரில் சொருகியிருக்கிற வரைக்கும் அது சும்மாவே ஒரு 4.8 வோல்ட் வைத்திருக்க வேண்டுமாம். பொத்தானை அமுக்கினோம் என்பதை உணர்கிற காவல்காரன் அந்தச் சின்ன வோல்ட்தான், பெரிய 12 வோல்ட் அது கூப்பிட்ட பிறகே எழும்பும். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கரண்டை நிறுத்தி, சப்ளையின் கூட்டைக் கழற்றி, வயர் கட்டிய ஒரு பழைய குண்டு பல்பை எடுத்து உள்ளே இருந்த தடித்த கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்தார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் 325 வோல்ட் வரைக்கும் நிற்கும், தெரியாதவன் விரல் வைத்தால் தூக்கி எறியும். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அதைக் குடித்துவிட வேண்டும். மினுக்கவில்லை.

"பாத்தீங்களா? இதுக்குக் கரண்ட் வந்தே இல்ல. முன்னுக்கே அறுந்து ஈக்கி."

முன்னால்தான் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு நீல வட்டு ஒன்று, பாதி பிளந்து, பக்கத்தில் மை கொட்டின மாதிரி கரி. இடி அழுத்தம் வந்தால் தான் கருகிப் பின்னால் இருக்கிறவர்களைக் காப்பாற்றுகிற வட்டாம். அது செத்த வேகத்தில் பக்கத்து பியூஸும் போயிருந்தது. மெயின் போர்டுக்கு எதுவும் ஆகவில்லை. 35,000 கேட்ட கடையை நினைத்து நான் ஏதோ சொன்னேன், இங்கே எழுத வேண்டாம். வட்டையும் பியூஸையும் மாற்றினாலே ஓடலாம், ஆனால் கருகின சப்ளையை நம்ப மாட்டேன் என்று, வேறு காரணத்தால் செத்த, இதே மாதிரி மெல்லிய ஸ்லிம் மாடல் இன்னொன்றின் சப்ளையைப் பொருத்தினார். பழைய குண்டு மாடலின் சப்ளை இதற்குச் சேராது. பொத்தானை அமுக்கினார். பீப். நீலம் துடித்து வெள்ளையானது. எல்லாம் சேர்த்து 9,500 இலங்கை ரூபாய்.

என் வயரை மட்டும் திருப்பித் தரவில்லை. முள்ளைக் காட்டினார், ஒரு பக்கம் பழுப்பேறி இருந்தது. "பேனா குத்தித்தானே போட்ட? சதுர ஓட்டைல உருண்டை முள் நூலளவுதான் தொடும். சூடாகும். சாமானைக் கொன்னது இடி. இது ஒரு நாள் ஊட்டயே பத்த வெக்கும்." சதுர பிளக் வைத்த புது வயர் ஒன்று தந்தார். அந்த பிளக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும், இந்த மெல்லிய வயருக்கு 3 ஆம்பியர். நாற்பது வயது வரை பிளக்குக்குள் பியூஸ் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இடிக்கேக்க வயரைக் கழட்டேல்லையோ?" இந்தத் தெருவில் மேகம் கறுத்தால் டிவி, ரவுட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்களாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியாது.

மே மாதம் ஒரு மாலை, ஏழே கால் இருக்கும். தூரத்தில் உறுமல். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் கீழேயிருந்து குரல் வந்துவிட்டது.

"தம்பி, கழட்டிட்டியளோ?"

"ஓம் அன்ரி, கழட்டிட்டன்!" என்று என் மகன் ஜன்னல் வழியே கத்தினான், கையில் பிளக்கோடு. விளையாட்டை நிறுத்தாமலே பிடுங்கியிருக்கிறான். மறுநாள் ஆன் செய்தபோது சரியாக அணைக்கவில்லை என்று பெட்டி கோபித்துக்கொண்டு, ஸ்டோரேஜைச் சோதிக்கிறேன் என்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது.